இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: தடித்த எழுத்தில் வரும் எண்கள்

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களைத்தான். அப்படி ஒன்று தென்பட்டுவிட்டால், டாக்டரிடம் காட்டும் முன்பே அந்தத் தாள் போட்டோவாகி உறவினர்களின் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விடும். காய்ச்சல், மூட்டுவலி, எடைக் குறைவு, காரணம் தெரியாத அசதி என்று டாக்டரிடம் போகிறவர்களுக்கு அடிக்கடி தடித்து வருபவை இரண்டு: இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று இவை காட்டும். என்ன நோய் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்தால் என்னென்ன குழப்பம் வரும், மறக்காமல் இருந்தால் இந்த எண்களிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதே இந்த அத்தியாயம்.

அடிபட்ட முழங்கால் சிவந்து, சூடேறி, வீங்கி, வலித்தால் அது கண்ணுக்குத் தெரியும் அழற்சி. நுரையீரலிலோ குடலிலோ ரத்தக்குழாயின் சுவரிலோ அதே வேலை நடந்தால் வெளியே தெரியாது. ஆனால் அந்த இடத்தில் குவியும் வெள்ளணுக்கள் சில ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும், கல்லீரல் சில புரதங்களை மளமளவென்று செய்யத் தொடங்குகிறது. ஆல்புமின் போன்ற வேறு சிலவற்றைக் குறைத்துக்கொள்கிறது. லேப் அளப்பது பெரும்பாலும் கல்லீரல் காட்டும் இந்த எதிர்வினையைத்தான். கிருமியால் வந்ததா, அறுவை சிகிச்சைக் காயத்தால் வந்ததா, மூட்டுவாதத்தால் வந்ததா, புற்றுக்கட்டியால் வந்ததா என்று கல்லீரலுக்குத் தெரியாது. அதற்குத் தெரியாத விஷயம் ரிப்போர்ட்டிலும் இருக்காது.

ஒரு மணி நேரம் நிற்கும் குழாய்

இ.எஸ்.ஆர். மிகப் பழைய பரிசோதனை. உறையாதபடி மருந்து கலந்த ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்திவைத்தால், சிவப்பணுக்கள் மெல்ல மெல்ல அடியில் இறங்கும். மேலே மஞ்சள் நிறத் தெளிவு மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே அந்த எண். போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி 1897-இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்வீடனில் ராபின் ஃபோரியஸ், கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அணுக்கள் வேகமாக இறங்குவதைக் கண்டு, கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று பார்த்தார். அதே நாட்டைச் சேர்ந்த ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921-இல் காசநோயாளிகளிடம் இதைச் சோதித்தார். இன்றும் லேப்களில் நடப்பது அவர் பெயரிலுள்ள முறைதான்: நாலு பங்கு ரத்தம், ஒரு பங்கு சிட்ரேட், 200 மி.மீ. வரை கோடு போட்ட குழாய். பெரிய லேப்களில் இப்போது இயந்திரம் அரை மணிக்குள் படித்து, ஒரு மணிக் கணக்குக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறது.

அணுக்கள் ஏன் வேகமாக இறங்குகின்றன? சாதாரணமாகச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் எதிர்ப்புப் புரதங்களும் கூடுகின்றன. இவை அந்தத் தள்ளலைக் குறைத்துவிடுவதால், அணுக்கள் அடுக்கிவைத்த காசுகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கு கனமாக இருப்பதால் சீக்கிரம் கீழே போகிறது. ஆக, இ.எஸ்.ஆர். அழற்சியை நேரடியாக அளக்கவில்லை. அழற்சியால் மாறிய ரத்தத்தில் அணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்றுதான் பார்க்கிறது. நடுவில் இத்தனை படிகள் இருப்பதால், அழற்சிக்குச் சம்பந்தமே இல்லாத பல காரணங்கள் இந்த எண்ணைத் தூக்கிவிடும்.

அவற்றில் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் கீழே இறங்க இடைஞ்சல் குறைவு, வேகம் கூடும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படியானால் இ.எஸ்.ஆர். 35 என்று ரிப்போர்ட் வாங்கிவரும் பெண்களில் எத்தனை பேருக்குத் தேவைப்படுவது அழற்சிக்கான தேடல், எத்தனை பேருக்குத் தேவைப்படுவது இரும்புச்சத்து மாத்திரை? இ.எஸ்.ஆர். எண்ணைப் பார்க்கும் முன் அதே தாளில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். அது 9 என்றால், இ.எஸ்.ஆர். பற்றிய கவலையைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். ரத்தசோகைக்குக் காரணம் தேடுவதை ஒத்திவைக்கக் கூடாது.

அடுத்தது வயது. லேப்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே வரம்பை அச்சிடுகின்றன. வயது ஏற ஏற இ.எஸ்.ஆர். தானாகவே கூடும். 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் எளிய கணக்கு வந்தது: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி, அதில் பாதி. எழுபது வயது அம்மாவுக்கு மேல்வரம்பு 40 என்று ஆகிறது. ரிப்போர்ட்டில் 38 என்பது தடித்த எழுத்தில் வந்திருந்தாலும் அது அவருடைய வயதுக்கு உரிய எண்தான். கர்ப்பத்தின் பிற்பாதியில் 40, 50 என்று போவது இயல்பு. சிறுநீரகக் கோளாறு, உடல்பருமன் ஆகியவையும் ஏற்றும். எதிர்த்திசையிலும் நடக்கும்: சிவப்பணுக்கள் மிகுதியாக இருந்தாலோ வடிவம் மாறியிருந்தாலோ அடுக்கு சேராது, எண் குறைந்து நிற்கும். நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் அணு நோயில் அப்படித்தான். நோய் கடுமையாக இருக்கும்போதும் இ.எஸ்.ஆர். சாதுவாக இருக்கும்.

குழாய் நேராக நிற்க வேண்டும். மூன்று டிகிரி சாய்ந்தால் எண் 30 சதவீதம் வரை கூடிவிடலாம். அறைச் சூடும் கூட்டும். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத சின்ன லேப்பில் எடுத்த 28-ஐயும், குளிரூட்டிய லேப்பில் எடுத்த 20-ஐயும் பக்கத்தில் வைத்து நோய் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இத்தனை குறை சொன்னாலும் மூன்று இலக்க இ.எஸ்.ஆரை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நூறைத் தாண்டினால் பெரும்பாலும் உள்ளே ஏதோ உண்டு: காசநோய், எலும்பிலோ இதய வால்விலோ தொற்று, ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய், முக்கியமாக மல்டிபிள் மைலோமா. காரணம் தெரியும்வரை தேட வேண்டிய எண் அது. இருபதும் முப்பதும் நாற்பதும் அந்த வகையில் சேரா. ‘இ.எஸ்.ஆர். கூடியிருக்கு, டி.பி.யா இருக்குமோ’ என்ற பயம் வெஸ்டர்கிரன் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. காசநோயை உறுதிசெய்ய வேண்டியது சளிப் பரிசோதனையாலும் சி.பி.நாட் போன்ற மரபணுச் சோதனையாலும். இ.எஸ்.ஆர். கூடியிருப்பதால் காசநோய் என்று ஆகாது. காசநோய் இருக்கும்போதே அது இயல்பாக இருப்பதும் உண்டு.

சி.ஆர்.பி.: வேகமாக ஏறும், வேகமாக இறங்கும்

1930-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் ‘சி’ என்று பெயரிட்ட பகுதியோடு அது சேர்ந்து படிவாக விழுந்தது. நோயாளி தேறியதும் அது ரத்தத்திலிருந்து மறைந்தது. அந்தக் கிருமிக்கு மட்டும் உரியது என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் எந்த அழற்சியிலும் கல்லீரல் இதைச் செய்கிறது என்று தெரிந்தது. சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

இது நேரடியாக அளக்கப்படும் புரதம் என்பதால் ரத்தசோகையோ குழாயின் சாய்வோ இதைக் கெடுக்காது. இதன் பெரிய பலம் வேகம். அழற்சி தொடங்கி நாலைந்து மணி நேரத்தில் ஏற ஆரம்பிக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போய், இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். நல்ல உடல்நிலையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் கிடக்கும் புரதம், கடும் தொற்றில் சில நூறுகளுக்குப் போகும். உடம்பு அதை வெளியேற்றும் வேகமோ மாறுவதில்லை: உற்பத்தி நின்றால் ஏறக்குறைய 19 மணி நேரத்தில் பாதியாகும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போதைக்குக் கல்லீரல் எவ்வளவு செய்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. அதனால்தான் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இதைவிட வசதியான எண் கிடைப்பது அரிது.

நேற்று இரவு காய்ச்சல் வந்த குழந்தைக்கு இன்று காலை எடுத்த சி.ஆர்.பி. 6 என்றால், அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அது இன்னும் ஏறி முடிக்கவில்லை. டாக்டர் நாளையோ நாளை மறுநாளோ திரும்ப எடுக்கச் சொன்னால் அது பணம் பிடுங்கும் வேலையில்லை. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கோ, தொற்றே இல்லாவிட்டாலும் வெட்டுக்காயத்தால் சி.ஆர்.பி. ஏறும், இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்க வேண்டும். நாலாம் நாளுக்குப் பிறகு மறுபடி ஏறினால் காயத்திலோ உள்ளேயோ தொற்று உண்டா என்று தேடுவார்கள். இந்த இடத்தில் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதற்குத்தான் மதிப்பு. மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு சி.ஆர்.பி. சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும், இ.எஸ்.ஆர். பல மாதங்கள் உயர்ந்தே நிற்கக்கூடும். அதைக் கண்டு முழங்காலில் சீழ் வைத்துவிட்டதோ என்று பயந்தவர்கள் நிறைய.

எவ்வளவு இருந்தால் பாக்டீரியா, எவ்வளவு இருந்தால் வைரஸ்? எல்லோரும் கேட்கும் கேள்வி. நேர்கோடு போட்டுப் பிரிக்க முடியாது. சாதாரண வைரஸ் காய்ச்சலில் பத்து முதல் நாற்பதுக்குள் நிற்பது வழக்கம். நூறைத் தாண்டினால் பாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டி இதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. நெஞ்சுச் சளியும் இருமலுமாக வருகிறவருக்கு நோய் தெளிவாகத் தெரியாதபோது விரலில் குத்தி சி.ஆர்.பி. பார்க்கலாம். 20-க்குக் கீழே என்றால் ஆன்டிபயாட்டிக் வழக்கமாகத் தர வேண்டாம். நூறுக்கு மேல் என்றால் தரலாம். நடுவில் என்றால் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, மோசமானால் மட்டும் வாங்கச் சொல்லலாம். நம் ஊரில் இதை அப்படியே பொருத்த முடியாது. மலேரியாவில் பாக்டீரியா ஏதும் இல்லாமலே சி.ஆர்.பி. எகிறும். டெங்குவா, ஸ்க்ரப் டைஃபஸா, டைஃபாய்டா என்பதை அதற்கதற்கு உரிய பரிசோதனைகள்தான் சொல்லும்.

அலகில் ஒரு பொறி இருக்கிறது. சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன, சில டெசிலிட்டருக்கு. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு லேப்பில் 2.4, இன்னொரு லேப்பில் 24 என்றால் நோய் பத்து மடங்கு ஏறிவிடவில்லை, இரண்டும் ஒன்றே. எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் படிக்காமல் ஒப்பிடவே கூடாது. இன்னும் சில சிறு லேப்களில் சிலைடில் துளி விட்டுப் பார்த்து ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோயாளிக்கு அது உதவாது. எண்ணாகத் தரும் இடத்தில் எடுங்கள்.

இரண்டும் ஒத்துப்போகாதபோது

இரண்டும் ஒரே அழற்சியைத்தானே காட்டுகின்றன, ஒன்று போதாதா என்று கேட்கலாம். காய்ச்சலுக்கு ஒன்றே போதும், அது சி.ஆர்.பி. ஆனால் இரண்டும் முரண்படும்போதுதான் சில நோய்கள் முகம் காட்டுகின்றன.

சி.ஆர்.பி. உயர்ந்து இ.எஸ்.ஆர். இயல்பாக இருந்தால், நோய் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். இ.எஸ்.ஆர். உயர்ந்து சி.ஆர்.பி. இறங்கியிருந்தால், நோய் விலகிக்கொண்டிருக்கலாம். ஃபைப்ரினோஜன் குறைய நாட்கள் ஆகும், எதிர்ப்புப் புரதங்கள் குறைய வாரங்கள் ஆகும். நிமோனியா குணமாகி வீடு திரும்பியவருக்கு இரண்டு வாரம் கழித்து இ.எஸ்.ஆர். 60 என்று வந்தால், மறுபடி ஊசி மருந்து தொடங்க அது காரணம் ஆகாது.

இ.எஸ்.ஆர். எண்பதும் நூறுமாக நின்று, சி.ஆர்.பி. மட்டும் அடங்கியே கிடந்தால் வேறு கேள்விகள் எழ வேண்டும். இளம்பெண், மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, முடி உதிர்வு, வாய்ப்புண் என்றால் லூபஸ். அந்த நோய் முறுக்கிக்கொண்டிருக்கும்போதும் சி.ஆர்.பி. பெரும்பாலும் கூடுவதில்லை, அவருக்குத் திடீரென்று அது எகிறினால் தொற்று உண்டா என்று பார்ப்பார்கள். (நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ நீர் கோத்தாலும் கூடும்.) அறுபதைத் தாண்டியவர், முதுகெலும்பு வலி, ரத்தசோகை, கிரியாட்டினின் உயர்வு என்றால் மைலோமாவை நினைக்க வேண்டும். அதில் அணுக்களை ஒட்டவைப்பது புற்றணுக்கள் கொட்டும் ஒரே வகைப் புரதம். சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற பரிசோதனையை டாக்டரிடம் நீங்களே கேட்கத் தயங்க வேண்டாம். வலி மாத்திரையிலேயே மாதங்களை ஓட்டிவிட்டுத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் நோய் இது.

இரண்டும் இயல்பாக இருந்து நோய் மட்டும் இருக்குமா? இருக்கும், தாராளமாக. கண்ணுக்குள் வரும் அழற்சி, ஈறு நோய், தேய்மான மூட்டுவலி ஆகியவை ரத்தத்தை அசைக்காமலே உட்கார்ந்திருக்கும். அதிகாலையில் இடுப்பு இறுகிப்போய், நடமாடினால் தளரும் இளைஞர்களின் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயில் கணிசமானோருக்கு இரண்டும் இயல்பாகவே வரும். பெருங்குடல் புண்ணிலும் அப்படி நேரும். அதற்கு மலத்தில் கால்புரோடெக்டின் பார்ப்பது இன்னும் நம்பகமானது. காலையில் எழுந்ததும் விரல்மூட்டுகள் ஒரு மணி நேரம் விறைத்து நிற்கின்றன, மோதிரம் நுழையவில்லை என்று வருகிறவரை, சி.ஆர்.பி. மூன்றுதானே என்று திருப்பி அனுப்பினால் அது தவறு. ருமடாய்டு மூட்டுவாதத்தை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் டாஸ்-28 என்ற கணக்கில்கூட, 28 மூட்டுகளில் எத்தனை வலிக்கின்றன, எத்தனை வீங்கியுள்ளன, நோயாளிக்குத் தன் நிலை எப்படித் தோன்றுகிறது ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே நாலாவதாக இ.எஸ்.ஆரோ சி.ஆர்.பி.யோ வருகிறது.

மருந்துகளும் எண்ணை மறைக்கும். ஸ்டீராய்டு எடுத்தால் இறங்கும்; நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மூட்டுவலிக்கென்று பெயர் எழுதாத பொட்டலத்தில் மாத்திரையோ பொடியோ வாங்கிச் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு உண்டு. டோசிலிசுமாப் போன்ற ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இன்டர்லூக்கின்-6 தடுக்கப்படுவதால், கடும் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் போகலாம். கல்லீரல் செயலிழந்தவரிடமும் அதே நிலை. அவர்களுக்கு இந்த எண்ணை நம்பவே கூடாது.

ஃபெரிட்டின், புரோகால்சிட்டோனின்

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம். இரும்புச்சத்து குறைந்தால் அது குறையும். அழற்சி வந்தால் கூடும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்றையொன்று சமன்செய்து, ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று சிரிக்கும். மூட்டுவாதமும் ரத்தசோகையும் உள்ள பெண்ணுக்கு ஃபெரிட்டின் 45 என்று வந்து, இரும்புச்சத்து போதுமானது என்று விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு: நலமாக உள்ள பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே என்றால் குறைவு, தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே இருந்தாலே குறைவு. ஃபெரிட்டினோடு சி.ஆர்.பி.யும் எடுத்தால்தான் எந்த வரம்பைப் பார்ப்பது என்று தெரியும். மறுபுறம், ஃபெரிட்டின் பல ஆயிரங்களுக்குப் போனால் அது தனி அவசரம். உடனே மருத்துவமனையில் பார்க்க வேண்டியது.

புரோகால்சிட்டோனின் மருத்துவமனையின் பரிசோதனை, விலையும் அதிகம். பாக்டீரியா ரத்தத்தில் பரவும் தொற்றுகளில் சி.ஆர்.பி.யைவிடச் சீக்கிரம் ஏறும், குணமானால் சீக்கிரம் இறங்கும். ஐ.சி.யூ.வில் இதன் உண்மையான பயன், ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுப்பதில்தான். பிறந்து ஓரிரு நாளான குழந்தைக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும், பெரிய அறுவை முடிந்தவருக்கும் தொற்றில்லாமலே கூடும். வெளிநோயாளியாகச் சளிக்குப் போன இடத்தில் இதை எழுதிக்கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

இந்தப் பெயர்களையெல்லாம் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது கொரோனா. 2020, 2021-இல் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர், இன்டர்லூக்கின்-6 என்று ஒரு கட்டாகவே எடுத்தார்கள். இலேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களும் தினம் எடுத்தார்கள். எண் கூடியதைக் கண்டு ஸ்டீராய்டு தொடங்கியவர்களும் உண்டு. பிரிட்டனில் நடந்த ரிக்கவரி ஆய்வு 2020-லேயே காட்டியது வேறு: டெக்சாமெத்தசோன் உயிர் காத்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை, கெடுதலுக்கான சாயல் தெரிந்தது. மருந்தைத் தீர்மானித்திருக்க வேண்டியது விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர். சி.ஆர்.பி. தாளைப் பார்த்துத் தொடங்கிய ஸ்டீராய்டு, சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சர்க்கரையை ஏற்றி, கருப்புப் பூஞ்சைக்கும் வழிவிட்டது.

இதயத்துக்கென்று ஒரு சி.ஆர்.பி.

ரிப்போர்ட்டில் ‘எச்.எஸ்.-சி.ஆர்.பி.’ என்று இருந்தால் அளக்கப்படுவது அதே புரதம்தான். இன்னும் நுண்ணிய முறையில், பத்துக்குக் கீழான அளவுகளுக்காக. 2003-இல் அமெரிக்க இதய சங்கமும் நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து இதற்கு வரம்பு வகுத்தன: ஒன்றுக்குக் கீழ் என்றால் மாரடைப்பு அபாயம் குறைவு, ஒன்று முதல் மூன்று வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். சளி, பல்வலி, மூட்டுப்பிடிப்பு ஏதும் இல்லாத நாளில், இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பது முறை. பத்தைத் தாண்டினால் அது இதயக் கணக்கில் சேராது. வேறு அழற்சி இருக்கிறது, அது அடங்கியபின் மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரும் நீங்களும் இரண்டு மனமாக இருக்கும்போது இது உதவும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கோ, மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ இதனால் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. மூன்றுக்கும் பத்துக்கும் நடுவே நிற்பவர்களில் பலருக்குக் காரணம் இடுப்பைச் சுற்றிய கொழுப்பு. கொழுப்புத் திசுவும் இன்டர்லூக்கின்-6 உற்பத்தி செய்கிறது. புகைப்பதும் ஈறு நோயும் சேர்ந்துகொள்ளும். எடை குறைந்தால் எண்ணும் குறையும். இந்த நடுப்பகுதிதான் ‘அழற்சியை விரட்டும்’ மஞ்சள் கேப்ஸ்யூல், பானம், டயட் விற்பவர்களின் சந்தை. ரசத்தில் போடும் மஞ்சளோடு எனக்குச் சண்டையில்லை, சி.ஆர்.பி.யை நாலிலிருந்து மூன்றாக்க மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில்தான்.

எடுக்கலாமா, எங்கே, எப்படி

மாஸ்டர் ஹெல்த் செக்கப் தொகுப்புகளில் இ.எஸ்.ஆரைச் சேர்த்துவைத்திருப்பது வீண் என்பது என் கருத்து. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரிடம் அது 32 என்று வந்தால், அதன் பின்னால் எக்ஸ்ரே, ஸ்கேன், மேலும் நாலு ரத்தப் பரிசோதனை என்று ஓடி, பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காமல் முடியும். அப்படி வந்துவிட்டால் பதற வேண்டாம். டாக்டர் உடம்பைப் பரிசோதித்து, பசி, எடை, காய்ச்சல், இரவு வியர்வை எதிலும் குறையில்லை என்றால், ஒன்றிரண்டு மாதம் விட்டு மறுபடி எடுத்தால் போதும். பலருக்கு அது தானாக இறங்கியிருக்கும். அதே தொகுப்பில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., ஏ.என்.ஏ. என்றும் சேர்த்திருப்பார்கள். அவை அழற்சியின் அளவைக் காட்டுபவை அல்ல. எதிர்ப்புப் புரதங்களைத் தேடுபவை. நலமாக இருப்பவர்களிலும் ஒரு பகுதியினருக்கு அவை பாசிட்டிவாக வரும்.

தேவையென்று டாக்டர் எழுதினால், வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. வேறு பரிசோதனைகள் சேர்ந்திருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஆருக்கு எடுத்த ரத்தம் சில மணி நேரத்துக்குள் குழாயில் ஏற வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் லேப் என்றால், மதியம் வரை பையில் சுற்றிக்கொண்டிருக்கும் ரத்தத்தில் அந்த எண் நம்பத்தக்கதல்ல. அதற்கு மட்டும் நேரில் போவது நல்லது. நீண்டகால நோய்க்காகத் தொடர்ந்து பார்ப்பவர்கள் லேப்பை மாற்றாதீர்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அன்றைய நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள்: எத்தனையாவது நாள் காய்ச்சல், என்ன மாத்திரை ஓடுகிறது, பல் பிடுங்கியதா, தடுப்பூசி போட்டதா, மாதவிடாயா. ஆறு மாதம் கழித்து டாக்டர் மாறினாலும் அந்தக் கிறுக்கல் அவருக்கு எண்ணைவிட அதிகம் சொல்லும். பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கியிருந்தாலும் சி.ஆர்.பி. அதனால் இறங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில நேரங்களில் லேப்பின் வாசலில் நிற்பதே தவறு. காய்ச்சலோடு மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல். பால் குடிக்காமல் துவண்டுகிடக்கும் பச்சைக்குழந்தை. திடீரென்று சிவந்து வீங்கி, தொடவே விடாத ஒரே மூட்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலியோடு மெல்லும்போது தாடை வலித்து, பார்வை மங்குதல். கடைசியாகச் சொன்னது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். நம்மிடம் அரிது, ஆனால் தாமதித்தால் பார்வை போய்விடும். இவற்றில் எதுவானாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இ.எஸ்.ஆருக்கும் சி.ஆர்.பி.க்கும் வேண்டிய ரத்தத்தை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள், ரிப்போர்ட் வரும் முன்பே சிகிச்சை தொடங்கியிருக்கும்.